சப்பாத்து அளந்த கைகள்



கோடை விடுமுறை நெருங்கும்போது நம்மவர் இல்லங்களில் அண்மைக் காலமாக ஒரு பேச்சு எழுந்து வருகின்றது. கிறிஸ்தவ செபக்குழுக்களைச் சேர்ந்த இளையோர் இரண்டு மூன்று கிழமைகள் தாயகத்துக்கோ வேறு ஏழை நாடுகளுக்கோ அருட்பணிப் பயணம் செல்ல விரும்புகின்றனர். அங்குள்ள இல்லங்களிலே தங்கிச் சமைத்தும் கழுவியும் துடைத்தும் தொண்டு செய்து திரும்புவது அவர்களுடைய திட்டம். பெற்றோரிற் சிலர் இதைக் கேட்டுப் பெருமைப்படுகின்றனர். வேறு சிலர் முகஞ் சுழிக்கின்றனர். வால்டோர்ஃபிலுள்ள எங்கள் வீட்டில் ஒரு மாலை தேநீர் அருந்திக்கொண்டிருந்த நண்பர் ஒருவர், தம் மகளும் இவ்வாறு புறப்படவிருக்கின்றாள் என்று சொல்லிவிட்டுக் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் ஒலித்துக்கொண்டிருக்கின்றது. "முப்பது வருசமாய் நான் இஞ்சை கோப்பை கழுவினது போதாதோ? என்ரை பிள்ளையும் காசு குடுத்துப் பிளேன் ஏறிப் போய்க் கழுவவேணுமோ?"

இக்கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. ஜேர்மனியின் உணவகங்களுக்குப் பின்புறம், ஆவி பறக்கும் தொட்டிகளின் முன்னால் நம்மவர் நின்ற இரவுகளை நாம் அறிவோம். அந்தக் கோப்பைகளை நாம் தொண்டாகக் கழுவவில்லை. வீட்டு வாடகைக்காகக் கழுவினோம்; தம்பியை வெளியே எடுக்க முகவருக்குக் கட்டவேண்டிய பணத்துக்காகக் கழுவினோம்; தங்கையின் திருமணத்துக்காகக் கழுவினோம். ஊரில் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் இருந்தவர்கள் இங்கு செய்த வேலையைக் கடிதங்களில் எழுதவும் கூசினார்கள். அப்படிப்பட்ட ஒரு சமூகத்திடம் வந்து, பணிவான வேலையிலே மகிழ்ச்சி உண்டு என்று எவரேனும் உபதேசித்தால், கேட்பவர் நெஞ்சில் கசப்பு எழுவது இயல்பே.

ஆயினும் இவ்விடயத்தில் நமக்கு வேறெவருக்கும் இல்லாத ஒரு தகுதி உண்டு என்பது என் எண்ணம். தொண்டு செய்தவர்கள் தத்தம் அனுபவங்களை எழுதிய நூல்கள் எத்தனையோ உள. தொண்டைப் பெற்றவர்கள் எழுதியவை மிகச் சில. நாம் பெற்றவர்கள். வரிசையில் நின்றவர்கள். எந்தக் கை அன்போடு கொடுத்தது, எந்தக் கை தன் பெருமைக்காகக் கொடுத்தது என்பதை மொழி தெரியாத நாட்களிலேயே பார்த்தறிந்தவர்கள். ஆகவே நண்பரின் கேள்விக்கு விடை தேடுமுன், நாம் வாங்கிய நாட்களைச் சற்றே நினைவுகூர்வோம்.

1985 ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில், அக்காலத்து நம்மவர் பலரைப் போலவே கிழக்கு பேர்லின் வழியாக நானும் மனைவியும் நான்கு வயது மகனும் இந்நாட்டை வந்தடைந்தோம். சில கிழமைகளின் பின் எங்களை அனுப்பிய ஊரிலே, ஒரு தேவாலயத்தின் மண்டபத்தில் பழைய உடுப்புகள் வழங்கினார்கள். அங்கு இருவரைக் கண்டேன். ஒருவர் எங்களுக்கு ஒரு மேலங்கியைக் கொடுக்குமுன் அதைக் கையில் ஏந்தியபடி எங்களை அருகில் நிறுத்தி, புகைப்படம் எடுப்பவரைப் பார்த்துப் புன்னகைத்தார். மேலங்கி நல்ல மேலங்கிதான். பல குளிர்காலங்கள் உழைத்தது. ஆயினும் அதை அணியும்போதெல்லாம் அந்தப் புகைப்படம் எங்கேனும் ஒரு சுவரில் தொங்கிக்கொண்டிருக்குமோ என்ற எண்ணம் எனக்கு வரும்.

மற்றவர் எழுபது வயதை எட்டிய ஒரு மூதாட்டி. எங்கள் மகனின் கிழிந்த காலுறையைக் கண்டார். ஒன்றும் பேசாமல் முழங்காலை ஊன்றித் தரையில் இருந்தார். அவனுடைய காலைத் தம் மடிமீது வைத்து, ஒவ்வொரு சப்பாத்தாகப் போட்டு, பெருவிரல் நுனியை அழுத்தி அழுத்திப் பார்த்தார். நான்காவது சோடி பொருந்தியது. பின்னர் அவர் எழ முயன்றபோது முழங்கால் பிடித்துக்கொண்டது. என் மனைவி கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். இருவரும் சிரித்தார்கள். அந்த நாட்டுக்கு வந்த பின் என் மனைவி சிரித்ததை நான் அன்றுதான் முதன்முதலிற் கண்டேன். அம்மூதாட்டியின் பெயரை நாங்கள் கேட்டறியவில்லை. கேட்கும் மொழி எங்களிடம் இருக்கவுமில்லை.

யோவான் எழுதிய நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தில், இயேசு தம் சீடரின் கால்களைக் கழுவிய நிகழ்ச்சி கூறப்படுகின்றது. அக்காலத்தில் அது ஏவலாளரின் வேலை. குருவானவர் துண்டை அரையிற் கட்டிக்கொண்டு குனிந்ததைக் கண்டு சீடருள் ஒருவர் கூசி மறுத்தார். பலமுறை படித்த பகுதிதான் அது. ஆனால் சப்பாத்து அளந்த அந்த மூதாட்டியைக் கண்ட பின்னரே அதன் பொருள் எனக்கு விளங்கியது. குனிந்தவர் தாழ்ந்துபோகவில்லை, காலை நீட்டியவனும் தாழ்ந்துபோகவில்லை. கடைசியில் எழும்புவதற்கு அவருக்கு எங்கள் கை தேவைப்பட்டது. கொடுத்தவரும் வாங்கியவரும் அக்கணத்தில் ஒருவரையொருவர் தாங்கி நின்றார்கள்.

நாங்கள் இப்பொழுது வாழும் வால்டோர்ஃப், ஹைடல்பேர்க் நகருக்குத் தெற்கே உள்ள சிறிய நகரம். கணினி மென்பொருளால் உலகெங்கும் அறியப்பட்ட எஸ்.ஏ.பி. நிறுவனத்தின் தலைமையகம் இங்கேதான் உள்ளது. ஆனால் இவ்வூரின் பெயர் அதற்கு நெடுங்காலம் முன்னரே கடல் கடந்துவிட்டது. 1763 இல் இங்கே ஓர் இறைச்சிக் கடைக்காரரின் மகனாகப் பிறந்த யோகான் யாகோப் அஸ்ரர், இளவயதிலேயே ஊரை விட்டு இலண்டனுக்கும் பின்னர் அமெரிக்காவுக்கும் போனார். தோல் வியாபாரத்திலும் நியூயோர்க் நிலத்திலும் பணம் குவித்து, 1848 இல் இறக்கும்போது அமெரிக்காவின் முதற் செல்வந்தராக இருந்தார். நியூயோர்க்கின் வால்டோர்ஃப் அஸ்ரோரியா விடுதி தன் பெயரை இக்குடும்பத்திலிருந்தும் இவ்வூரிலிருந்துமே பெற்றது.

அந்த அஸ்ரர் தம் மரணசாசனத்தில் பிறந்த ஊரை மறக்கவில்லை. வால்டோர்ஃபின் ஏழைகளுக்காக 50,000 டொலர் எழுதிவைத்தார். அப்பணத்தைக் கொண்டு கட்டப்பட்ட அஸ்ரர் இல்லம் 1854 இல் திறக்கப்பட்டு, ஏழைச் சிறுவருக்கும் முதியோருக்கும் உறைவிடமாயிற்று. அக்கட்டடம் இன்றும் நிற்கின்றது. அதனுள்ளே ஓர் அருங்காட்சியகம் உள்ளது. வேலை முடிந்து அவ்வழியே நடந்து செல்லும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் தோன்றும். ஊரைவிட்டுப் போன ஒருவர் பணம் அனுப்பினார். அது நல்ல காரியம். நம்மவர் அனைவரும் அறிந்த காரியமும் கூட. ஆனால் அந்த இல்லத்திலிருந்த முதியவர்களை நாளாந்தம் குளிப்பாட்டியவர் யார்? சிறுவர்களின் தலையைச் சீவி விட்டவர் யார்? இரவில் எழுந்து படுக்கைத் துணியை மாற்றியவர் யார்? பணம் சுவரை எழுப்பியது. அச்சுவருக்குள்ளே வாழ்வை நடத்தியவை சில கைகள். அக்கைகளுக்கு உரியவர்களின் பெயர் எந்த விடுதியின் நெற்றியிலும் பொறிக்கப்படவில்லை.

அத்தகைய கைகளுக்கு ஒரு மதிப்பைத் தேடித் தந்த முயற்சியும் இந்நாட்டிலேதான் தோன்றிற்று. டுசெல்டோர்ஃப் நகரின் ஒரு பகுதியாக இன்றிருக்கும் கைசர்ஸ்வேர்த்தில், தியோடோர் ஃபிளீட்னர் என்னும் போதகரும் அவர் மனைவி ஃபிரீடரிக்கேயும் 1833 இல் தங்கள் தோட்டத்துச் சிறு வீட்டிலே, சிறையிலிருந்து விடுதலையான ஒரு பெண்ணுக்கு இடமளித்தார்கள். அதுவே தொடக்கம். 1836 இல் நோயாளரைப் பராமரிக்கும் பெண் ஊழியர்களுக்கான இல்லத்தை நிறுவினார்கள். நோயாளியின் உடலைக் கழுவும் வேலையை இழிவென்று கருதிய காலம் அது. அதைக் கற்றுத் தேறவேண்டிய ஒரு பணியாக, மதிப்புக்குரிய ஓர் அழைப்பாக அவ்வில்லம் ஆக்கிற்று. 1851 இல் செல்வக் குடும்பத்துப் பெண்ணான புளோரன்ஸ் நைற்றிங்கேல் இங்கு வந்து சில மாதங்கள் தங்கிப் பயின்றார். நவீன தாதியியலின் ஓர் ஊற்று அங்கே உள்ளது.

நமது மண்ணிலும் இதற்குச் சான்றுகள் உள. 1819 இல் இலங்கைக்கு வந்த யோன் ஸ்கடர் என்ற அமெரிக்க வைத்தியர், பண்டத்தரிப்பிலே மருத்துவப் பணி செய்தார். அவருக்குப் பின் 1847 இல் வந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது இருபத்தைந்து வயதைத்தான் அவர் எட்டியிருந்தார். மானிப்பாயிலே வைத்தியசாலை நடத்தி, நம் ஊர் இளைஞர்களுக்கு மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திலேதான் கற்பித்தார். ஆங்கிலத்திற் படித்துத் தேறியோர் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர்களுக்குச் செல்வதையும், கிராமத்து நோயாளர் கைவிடப்படுவதையும் கண்டார். எனவே எதிர்ப்புகளையும் பொருட்படுத்தாது 1860களில் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார்.

தமிழிற் கற்பிக்கவேண்டுமெனில் நூல்கள் வேண்டும். அவற்றை ஆக்கும் வேலை எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வோர் எலும்புக்கும் நரம்புக்கும் சொல் தேடவேண்டும். தம் மாணவரோடும் தமிழறிந்தோரோடும் உட்கார்ந்து, இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம் முதலிய பெரும் நூல்களை அவர் தமிழுக்குக் கொண்டுவந்தார். 1873 இல் உடல்நலங் குன்றித் தாய்நாடு திரும்பிய பின்னரும் அவ்வேலையை விடவில்லை. தம் மாணவர் கிறிஸ்தவராகலாம், ஆனால் ஐரோப்பியராக மாறவேண்டியதில்லை என்பது அவருடைய உறுதியான கொள்கை. 1884 இல் மசாச்சூசெற்ஸ் மாநிலத்தில் அவர் மறைந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியராய் இருந்தவர் என்பதே அவர் கல்லறையிற் பொறிக்கப்பட்டது. மானிப்பாயிலுள்ள கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையில் பிறந்தவர்கள் இப்பத்திரிகையின் வாசகர்களிலும் பலர் இருப்பீர்கள்.

யோன் ஸ்கடரின் பேத்தி ஐடா ஸ்கடர். இவர் இந்தியாவிலேயே பிறந்தவர். ஆயினும் பெற்றோரைப் போல அருட்பணிக்கு வருவதில்லை என்று தீர்மானித்து அமெரிக்காவிலே படித்துக்கொண்டிருந்தார். தாயாரின் சுகவீனத்தால் திண்டிவனத்துக்கு வந்திருந்தபோது, ஓர் இரவில் ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆடவர் வாசலுக்கு வந்தனர். பிரசவ வேதனையில் துடிக்கும் தம் மனைவியருக்கு உதவ ஒரு பெண் வேண்டும் என்றார்கள். வைத்தியரான தந்தையாரை அழைத்துப் போகும்படி ஐடா சொன்னார். பிற ஆடவர் தம் பெண்களைப் பார்க்க மூவரும் இசையவில்லை. ஐடாவுக்கோ மருத்துவந் தெரியாது. மூன்று பெண்களும் இறந்தனர். அவர் சென்று மருத்துவம் படித்து 1900 இல் திரும்பினார். வேலூரில் ஒரேயொரு படுக்கையோடு தொடங்கிய பணி இன்று உலகறிந்த கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக நிற்கின்றது.

இவ்விருவர் வாழ்விலும் ஓர் ஒற்றுமையைக் கவனியுங்கள். கிறீன், தாம் கொண்டுவந்த மொழியை ஒதுக்கி, நோயாளரின் மொழிக்கு இறங்கி வந்தார். ஐடா, தாம் கொடுக்க விரும்பியதைக் கொடுக்கவில்லை. வாசலில் வந்து கேட்டவர்களுக்கு எது தேவையோ அதைக் கற்றுக்கொண்டு வந்தார். கேட்டதைச் செய்வதுதான் பணிவு. நாம் செய்ய விரும்புவதைப் பிறர் தலையில் ஏற்றிவிட்டு அதற்குத் தொண்டு என்று பெயரிடுவது எளிது. அதில் ஒருவகை உற்சாகம் இருக்கலாம். ஆனால் அது வீடு திரும்புமுன்னரே வடிந்துவிடும்.

இதனை வாசிப்போரிற் பெரும்பாலானோர் சைவர்கள் என்பதை நான் மறக்கவில்லை. அருட்பணி என்றதும் மதமாற்றம் பற்றிய ஐயம் எழுவதற்கு வரலாற்றுக் காரணங்கள் உண்டு. பசித்தவனிடம் சோற்றைக் காட்டி மதத்தை விலை பேசுவது தொண்டாகாது. அதைக் கிறிஸ்தவனாகிய நானே முதலிற் சொல்லவேண்டும். குனிந்து செய்யும் பணி கிறிஸ்தவருக்கு மட்டும் உரிய சொத்துமன்று. கையில் உழவாரப் படையேந்தி, கோயில் வீதிகளிற் புல்லைச் செதுக்கிய திருநாவுக்கரசரைப் போற்றும் மரபு நம்முடையது. மிஷனரிமாரோடு வாழ்நாள் முழுவதும் வாதிட்ட ஆறுமுகநாவலர், 1870களின் பஞ்சத்திலே யாழ்ப்பாணத்துப் பசித்த மக்களுக்காகக் கஞ்சித்தொட்டி நடத்தினார். அகப்பைக்கு மதமில்லை.

ஆனால் இங்கே நம் நெஞ்சைத் தொட்டு ஒன்றைச் சொல்லிக்கொள்ளவேண்டும். உழவாரம் பிடித்த அடியாரைக் கும்பிட்ட நாமே, ஊரில் மலசலகூடம் துப்புரவு செய்தவர்களை வளவுக்குள் வரவிடாது வைத்திருந்தோம். தேவாலயங்களிலே கூடச் சாதி பார்த்து வாங்கில்களிற் பிரிந்திருந்த காலம் இருந்தது. கழுவுவதும் துடைப்பதும் தாழ்ந்த சாதியின் விதி என்று கற்பித்த ஒரு சமூகத்திலிருந்து வந்தமையாலேயே, ஜேர்மனியின் உணவகத்துத் தொட்டி நமக்கு இரட்டை வேதனையைத் தந்தது. கை எரிந்தது ஒரு வேதனை. இதையா நான் செய்கின்றேன் என்ற எண்ணம் மற்றொன்று. முதலாவது வேதனையை முதலாளி தந்தார். இரண்டாவதை நாமே ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தோம்.

ஆகவே நண்பரின் கேள்வியில் பாதி நியாயம் உண்டு. பாதியை நாம் மறுபரிசீலனை செய்யவேண்டும். பணிவைப் பற்றிய உபதேசம் எப்பொழுதும் கீழே நிற்பவனுக்கே செய்யப்பட்டு வந்துள்ளது என்பது உண்மை. குறைந்த கூலிக்குப் பன்னிரண்டு மணிநேரம் உழைப்பவரிடம், இதில் மகிழ்ச்சி காண் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. அவருக்கு வேண்டியது நியாயமான சம்பளமும் ஓய்வும். தாதிகளாகவும் முதியோர் பராமரிப்பாளராகவும் உழைக்கும் நம் பெண்களுக்கும் இதுவே பொருந்தும். கைசர்ஸ்வேர்த் முதலிய இல்லங்களின் ஊழியப் பெண்கள் ஊதியமின்றி வாழ்நாளெல்லாம் உழைத்ததைப் புகழ்வோர், அவ்வுழைப்பு மலிவாகக் கொள்ளப்பட்டதையும் சேர்த்தே பேசவேண்டும். தொண்டின் மகிழ்ச்சி தானாக விரும்பிக் குனிபவருக்கு மட்டுமே கிடைப்பது. பிறர் பிடரியைப் பிடித்துக் குனியவைத்தால் அதன் பெயர் வேறு.

இனி, நண்பரின் மகளுக்கு என்ன நேர்ந்தது என்று சொல்கிறேன். தகப்பனார் முகங்கோணினாலும் அவள் சென்ற கோடையில் வன்னிக்குப் போனாள். மூன்று கிழமைகள் ஒரு முதியோர் இல்லத்திலே தங்கினாள். அயலிலுள்ள சிறுவர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பதற்கென்று படங்களும் பாடங்களும் ஒரு பெட்டி நிறையத் தயாரித்துக் கொண்டு போயிருந்தாள். பொறுப்பாயிருந்த அருட்சகோதரி பெட்டியைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டு, சிறுவர்களுக்கு ஆசிரியர்கள் உண்டு என்றும், குசினியிலும் உடுப்புத் தோய்க்கும் இடத்திலுமே ஆள் போதாது என்றும் சொன்னாராம். முதல் இரண்டு நாளும் அவள் இரவில் அழுதிருக்கிறாள். இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தேன் என்று நினைத்தாளாம்.

மூன்றாம் நாள் கிணற்றடியிலே அவள் பெரிய சோற்றுப் பானையை உரைத்துக்கொண்டிருந்தபோது, பலகையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மம்மா பொறுக்கமாட்டாமல் எழுந்து வந்து, "பிள்ளை, உனக்குப் பானை கழுவத் தெரியேல்லை. அடியிலை கரி அப்பிடியே நிக்குது" என்று சொல்லி, தும்பை வாங்கிச் சாம்பலில் தொட்டு எப்படித் தேய்ப்பது என்று காட்டினாராம். அன்றிலிருந்து அந்த அம்மம்மா அவளுக்கு ஆசிரியையாகிவிட்டார். போரிலே பிள்ளைகளை இழந்து, யாரும் தம்மிடம் எதுவும் கேட்காத ஒரு வாழ்க்கையில் இருந்தவர் அவர். வெளிநாட்டுப் பிள்ளைக்கு ஏசவும் பழக்கவும் உரிமை கிடைத்ததும் முகமே மாறிவிட்டதாம்.

திரும்பி வந்து எங்கள் வீட்டு மேசையில் இருந்து இதைச் சொன்னபோது அவள் சொன்ன வசனம் இது: "மாமா, அங்கை எல்லாரும் என்னை வெளிநாட்டாள் எண்டு கதிரை தந்து இருத்தினவை. அந்த அம்மம்மா மட்டுந்தான் ஏசினவ. அப்பதான் எனக்குச் சந்தோசம் வந்தது." இதைவிட நன்றாக எந்தப் பிரசங்கியாராலும் சொல்ல முடியாது என்று நான் கருதுகிறேன். தன்னை ஒரு விருந்தாளியாக அன்றி, வேலை தெரியாத ஒரு பேத்தியாக ஒருவர் ஏற்றுக்கொண்டதிலே அவள் மகிழ்ச்சி கண்டாள். கொடுக்கப் போனவள், கற்றுக்கொள்பவளாக மாறிய இடத்திலேதான் அது கிடைத்தது.

அவள் தகப்பனாரும் அன்று அங்கே இருந்தார். ஒன்றும் பேசவில்லை. அவள் அவர் பக்கம் திரும்பி, "அப்பா, நீங்கள் எவ்வளவு காலம் கோப்பை கழுவினனீங்கள்? ஆர் உங்களுக்குப் பழக்கினது?" என்று கேட்டாள். அவ்வேலையைப் பற்றி அவருடைய பிள்ளைகள் எவரும் அதுவரை கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஹைடல்பேர்க்கில் தொட்டியடியில் தமக்கு அருகே நின்று வேலை பழக்கிய ஒரு துருக்கி நாட்டுப் பெரியவரைப் பற்றி அவர் சொல்லத் தொடங்கினார். அன்றிரவு பத்து மணிவரை சொன்னார். முப்பது ஆண்டுகள் வெட்கமாய் மறைத்துவைத்திருந்த ஒன்றை, மகள் கையில் தும்போடு இருந்து எழுந்து வந்தமையால், அவரால் கதையாகச் சொல்ல முடிந்தது.

ஆகவே நம் பிள்ளைகள் போகட்டும் என்பதே என் கருத்து. ஆயினும் போகுமுன் சிலவற்றைப் பெற்றோரும் குழுத் தலைவர்களும் சிந்திக்கவேண்டும்.

முதலாவது, தமிழ். கிறீன் வைத்தியர் தமிழ் படித்த பின்னரே தமிழருக்குப் பயன்பட்டார். தமிழரின் பிள்ளைகள் தமிழறியாமற் போய் அங்குள்ள முதியவரின் முன்னால் ஊமைகளாக நிற்பது வேதனை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தைத் தவறவிடும் பிள்ளை, அருட்பணிப் பயணத்துக்கான முதற் பயிற்சியையே தவறவிடுகின்றது.

இரண்டாவது, புகைப்படம். நோயாளியின் படுக்கையருகிலும் சோற்று வரிசையிலும் நின்று படமெடுத்து அனுப்பும் பழக்கத்தை அடியோடு விடவேண்டும். மண்டபத்தில் மேலங்கியோடு நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகள் அதை மற்றவர்களுக்குச் செய்யலாகாது.

மூன்றாவது, செலவுக் கணக்கு. சுவருக்கு வர்ணம் பூசுவதற்காக ஆறுபேர் விமானமேறுவதைக் காட்டிலும், அவ்வூரிலுள்ள ஒருவருக்கு அவ்வேலையைக் கொடுத்துக் கூலி வழங்குவது மேலானது. சிறுவர் இல்லங்களில் இன்னும் கவனம் தேவை. தாய் தந்தையில் ஒருவரேனும் உயிரோடிருக்கும் பிள்ளைகள் பலர் இத்தகைய இல்லங்களில் வளர்வதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. மூன்று கிழமை அணைத்து விளையாடிவிட்டுப் பிரிந்து போகும் அண்ணன்மாரும் அக்காமாரும் அப்பிள்ளைகளின் மனத்தில் இன்னொரு பிரிவையே விட்டுச் செல்கின்றனர். குறுகிய காலத்துக்குச் செல்வோர் அவ்விடங்களைத் தவிர்ப்பதே நன்று.

நான்காவதும் முக்கியமானதும், வீட்டருகே தொடங்குவது. கிறிஸ்தவ சபையினர் 1954 இல் பவேரியாவின் நொயன்டெட்டெல்சவ் என்ற ஊரிலே, வாழ்வில் ஓர் ஆண்டைத் தொண்டுக்குக் கொடுங்கள் என்று இளம் பெண்களை அழைத்தனர். அவ்வழைப்பிலிருந்து வளர்ந்ததே, 1964 இல் சட்டமாகி இன்றும் நடைபெறும் தன்னார்வ சமூக ஆண்டு. பள்ளிப் படிப்பை முடித்த நம் பிள்ளைகளுக்கும் அக்கதவு திறந்தே உள்ளது. முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் ஓர் ஆண்டு உழைக்கலாம். 1993 இல் பேர்லினில் தொடங்கி நாடெங்கும் பரவிய டாஃபெல் உணவு வழங்கும் நிலையங்களில் காய்கறி தெரிந்து அடுக்க ஆட்கள் தேவை. 2015 இல் சிரியாவிலிருந்தும் 2022 முதல் உக்ரேனிலிருந்தும் வந்தவர்கள், நாம் நின்ற அதே வரிசைகளில் நின்றார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கும் குளிர்காலச் சப்பாத்து வேண்டியிருந்தது. அங்கே முழங்காலை ஊன்ற நம்மில் எத்தனை பேர் போனோம்? வன்னியில் மூன்று கிழமை குனிபவர், வால்டோர்ஃபில் ஆண்டு முழுவதும் நிமிர்ந்தே நடந்தால் அப்பயணத்தின் பயன் என்ன?

அன்பார்ந்த வாசகர்களே! நாம் அகதிகளாய் வந்தவர்கள். பெறுவதற்கு மட்டுமே பழகிய ஒரு சமூகம் காலப்போக்கிலே தன் மதிப்பை இழந்துவிடும். பணம் கொடுத்து மட்டுமே பழகிய சமூகமோ, மெல்ல மெல்ல மனிதரின் முகத்தைப் பார்ப்பதை மறந்துவிடும். நம்மில் வசதி பெற்ற பலர் இன்று இரண்டாவது நிலைக்குப் போய்க்கொண்டிருக்கின்றோம். கோயில் மண்டபத்தில் பெயர்ப் பலகையும், தேவாலய விழாவில் மாலையும் பொன்னாடையும் நமக்குத் தேவைப்படுகின்றன. பிள்ளைகள் வேறொன்றைத் தேடிப் புறப்படும்போது அதைத் தடுக்கவேண்டாம். கோப்பை கழுவிய நம் கைகளைப் பற்றி அவர்களிடம் நாமே வெட்கமின்றிச் சொல்லி, அக்கைகளுக்குத் தெரிந்த வேலையை அவர்களுக்குப் பழக்கி அனுப்புவோம்.

என் மகனுக்கு இப்பொழுது நாற்பது வயது கடந்துவிட்டது. அந்தச் சப்பாத்துகள் எப்பொழுதோ தேய்ந்து போயின. அவனுக்கு அந்த மண்டபமும் நினைவில்லை, மூதாட்டியின் முகமும் நினைவில்லை. சென்ற மார்கழியில் அவன் வாழும் ஊரிலே, உக்ரேன் குடும்பங்களுக்கு உடுப்பு வழங்கும் இடத்துக்குத் தன் சிறிய மகளையும் கூட்டிக்கொண்டு போனானாம். சப்பாத்து மேசைதான் அவனுக்குக் கிடைத்ததாம். ஒரு சிறுவனின் காலைப் பிடித்துப் பெருவிரல் நுனியை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தான் ஏன் அப்படிச் செய்கிறான் என்று அவனுக்கே தெரியவில்லையாம். தொலைபேசியில் இதைக் கேட்ட என் மனைவி நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "எத்தினையாவது சோடி பொருந்தினது?" என்று மட்டும் கேட்டாள்.